தேய்மானம் என்கிற கெட்ட வார்த்தை

போன ஞாயிற்றுக்கிழமை நண்பர் ஒருவர் வீட்டில் மதியச் சாப்பாடு. ஆறு குடும்பங்கள். கிரிக்கெட், பள்ளிக்கூடம், வீட்டுக்கடன் வட்டி எல்லாம் பேசி முடித்து ரசம் சாதத்துக்கு வரும்போது, பேச்சு வழக்கம்போல ஊரில் இருக்கும் பெற்றோரின் முழங்காலில் வந்து நின்றது. ஒருவரின் மாமியாருக்கு ரெண்டு முட்டியும் 'முழுசா தேஞ்சு போச்சாம்'. இன்னொருவரின் அப்பாவுக்கு 'எலும்பும் எலும்பும் உரசுதாம்'. மூன்றாமவர் தன் அம்மாவை மாடிப்படி பக்கமே விடுவதில்லையாம். "இருக்கிற கொஞ்சநஞ்சத்தையும் ஏன் தேய்க்கணும்?" என்றார். எல்லாரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன். வீட்டுக்கு வந்து படுத்தால் தூக்கம் வரவில்லை. தெரிந்துகொண்டே ஏன் ஆட்டினேன் என்று என் மேலேயே கோபம். அந்தக் கோபம்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. மெக்கானிக்கல் இன்ஜினியர். இருபது வருஷமாக எனக்குச் சோறு போடுவது பேரிங். அதாவது தேய்மானம்தான் என் தொழில். எத்தனை லட்சம் சுற்றுக்கு எத்தனை மைக்ரான் போகும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தால்தான் மாதக் கடைசியில் சம்பளம் வரும். அந்தத் தகுதியில் சொல்கிறேன்: நம் அம்மாக்களின் முழங்காலில் நடப்பதைத் தேய்மானம் என்று சொல்வது தப்பு. வெறும் தப்பு என்றால் போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைக்கிற தப்பு இது.

எப்படி என்று கேட்டால், தேய்மானம் என்ற வார்த்தைக்குள்ளேயே வைத்தியமும் ஒளிந்திருக்கிறது. பேரிங் ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் இழக்கும். அதிகம் ஓடினால் அதிகம் இழக்கும். நிறுத்தி வைத்த மிஷின் தேயாது. ஆகவே முட்டி தேய்கிறது என்று ஒப்புக்கொண்டால், அம்மா நடக்காமல் இருப்பதுதான் நல்லது. தர்க்கத்தில் ஓட்டையே இல்லை. முழங்கால் பேரிங் இல்லை என்பது மட்டும்தான் இடிக்கிறது.

எங்கள் ஊர் சித்தூர். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் தெலுங்கு. அம்மா அறுபது வயதுவரை சைக்கிள் ரிக்‌ஷாகூட ஏறாத ஆள். மிட்டூரில் காய்கறி வாங்கக் காலையில் ஒரு நடை, சாயங்காலம் கட்டமஞ்சி ஏரிப் பக்கம் ஒரு நடை. வருஷா வருஷம் புரட்டாசியில் அலிபிரியிலிருந்து 3,550 படியும் ஏறித்தான் திருமலை. பஸ்ஸில் போனால் பெருமாள் கணக்கில் சேர்க்கமாட்டார் என்பது அவர் கட்சி. ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் வலது முட்டியில் வலி வந்தது. ஒரு கிளினிக்குக்குப் போனார். (பேர் வேண்டாம். அவர் ஒருத்தர் மட்டும் அப்படிச் சொல்லவில்லை.) எக்ஸ்ரேயை விளக்கில் வைத்துப் பார்த்துவிட்டு இரண்டு நிமிஷத்தில் தீர்ப்பு: "தேய்மானம்மா. கிரேடு மூணு. படி ஏறாதீங்க, கீழ உட்காராதீங்க, ரொம்ப நடக்காதீங்க." பக்கத்து வீட்டு அம்மாள் அதையே தெலுங்கில் தெருவுக்கு அறிவித்துவிட்டார்: "மோகாள்ளு அரிகிபோயாயி."

அன்றைக்கு உட்கார்ந்தவர்தான் அம்மா. நடை நின்றது. ஏரி நின்றது. திருமலை நின்றது. மூன்று வருஷத்தில் எடை பதினோரு கிலோ ஏறியது, கூடவே சர்க்கரையும் வந்து சேர்ந்தது. வலி குறைந்ததா என்றால் இல்லை, கூடியது. அவர் போன கிளினிக்கில் அதற்கும் பதில் ரெடி: "தேய்மானம் ஜாஸ்தியாயிடுச்சு."

இதில் பிள்ளையின் பங்கு என்ன என்று கேளுங்கள். தூரத்தில் இருப்பவனுக்குக் குற்ற உணர்ச்சி கையில் காசாக இருக்கும். வேலைக்கு ஆள் வைத்தேன். காய்கறி வீட்டுக்கே வர ஏற்பாடு செய்தேன். கீழ்த்தளத்துக்கே படுக்கையை மாற்றினேன். ரிமோட்டில் ஏறி இறங்கும் சோபா ஒன்றும் வாங்கிப் போட்டேன். அம்மா எழுந்து நிற்கவேண்டிய காரணங்களை ஒவ்வொன்றாகத் தேடித்தேடி ஒழித்தேன். வாட்ஸப்பில் தினமும் "நடக்காதேம்மா, நடக்காதேம்மா". பாசம்!

*

சரி, உள்ளே என்னதான் நடக்கிறது? எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன்.

எங்கள் பக்கத்துப் புத்தூர் கட்டு உங்களுக்குத் தெரிந்திருக்கும். சென்னையில் சந்துக்குச் சந்து போர்டு தொங்குமே, அந்தப் புத்தூர் எங்களுடையதுதான். (2022ல் திருப்பதியைத் தனி மாவட்டமாகப் பிரித்தபோது புத்தூரும் அதோடு போய்விட்டது. எங்களுக்கு மனவருத்தம்தான்.) ராஜு குடும்பத்தார் நூறு வருஷத்துக்கும் மேலாக எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிறார்கள். பச்சிலை அரைத்து, முட்டை வெள்ளைக்கரு பூசி, மூங்கில் தப்பை வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டுவது. அந்தப் பச்சிலையின் மகிமையைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் எதுவும் கிடையாது. ஆனால் கட்டின் அடிப்படை சரியானது. எலும்புக்குள் ரத்தம் ஓடுகிறது. முறிந்த இரண்டு முனைகளையும் நேராகப் பொருத்தி அசையாமல் பிடித்துக்கொண்டால், எலும்பு தன்னைத் தானே ஒட்டிக்கொள்ளும். பெரிய ஆஸ்பத்திரி மாவுக்கட்டும் செய்வது அதே வேலைதான்.

இந்தப் புத்தூர் புத்தி நமக்குள் ஆழமாக ஊறியிருக்கிறது. அடிபட்டதா, கட்டு. வலிக்கிறதா, அசைக்காதே. எலும்புக்குச் சரி. குருத்தெலும்புக்கு அப்படியே தலைகீழ்.

முழங்காலில் தொடை எலும்பின் முனையிலும் கீழ்க்கால் எலும்பின் தலையிலும் வழவழவென்று வெள்ளையாக இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு பூச்சு இருக்கிறது. அதுதான் குருத்தெலும்பு. அதில் ரத்தக்குழாய் கிடையாது. நரம்பும் கிடையாது. முக்கால் பங்குக்குத் தண்ணீர். மீதியில் இரண்டு முக்கியமான சரக்கு: கொலாஜன் என்கிற நார் வலை, அந்த வலைக்குள் அடைபட்ட அக்ரிகன் என்கிற பெரிய மூலக்கூறு. கொண்டைக்கடலையைத் துணிப்பையில் இறுக்கிக் கட்டி ஊறப்போட்டுப் பாருங்கள். கடலை தண்ணீரை இழுத்து உப்பப் பார்க்கும், பை விடாது. விடிந்து பார்த்தால் பை கல்லு மாதிரி விறைப்பாக இருக்கும். அக்ரிகன்தான் கடலை, கொலாஜன்தான் பை. அந்த விறைப்பில்தான் நம் உடம்பு நிற்கிறது. உராய்வோ, பனிக்கட்டி மேல் பனிக்கட்டி வழுக்குவதைவிடக் குறைவு. இருபது வருஷம் பேரிங் செய்தவன் சொல்கிறேன், இதன் பக்கத்தில் நிற்கிற மாதிரி எங்களால் ஒன்றைச் செய்ய முடியாது.

இந்தப் பையைக் கட்டிக் காப்பவை காண்ட்ரோசைட் என்கிற செல்கள். மொத்தக் கன அளவில் அவை நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான். அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தனித்தனியே குடியிருக்கின்றன. ரத்தம் வராத ஊரில் அவற்றுக்குச் சோறு எங்கிருந்து? மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்து ஊறித்தான் வரவேண்டும். கால் ஊன்றும்போது குருத்தெலும்பு அமுங்கிக் கொஞ்சம் திரவம் வெளியே போகும், தூக்கும்போது உறிஞ்சிக்கொள்ளும். ஸ்பாஞ்சைப் பிழிந்து விடுகிற மாதிரி. போதாததற்கு, இந்தச் செல்கள் சுமையை உணரும். மிதமான சுமை வந்து போய்க்கொண்டிருந்தால்தான் பராமரிப்பு வேலையை ஒழுங்காகச் செய்யும். ஆக, நடைதான் அதற்குச் சாப்பாடும் மணியோசையும்.

இப்போது நோய்க்கு வருவோம். ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ் என்று டாக்டர்கள் சொல்வது இதுதான். ஏதோ ஒரு காரணத்தால் இந்தச் செல்களின் குணம் மாறுகிறது. எப்போதோ பட்ட அடி, எடை, வயது, பரம்பரை, கால் வளைவு என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். பராமரித்துக்கொண்டிருந்தவனே கத்தியை எடுத்துவிடுகிறான். அடாம்ட்ஸ்-4, அடாம்ட்ஸ்-5 என்ற என்சைம்கள் அக்ரிகனை வெட்டுகின்றன. எம்எம்பி-13 என்ற என்சைம் கொலாஜன் வலையையே வெட்டுகிறது. வெட்டுப்பட்ட துணுக்குகள் மூட்டுத் திரவத்தில் மிதக்க, அதைப் பார்த்து மூட்டின் உள்ளுறை வீங்கிக் கோபப்பட, அந்தக் கோபம் திரும்பவும் செல்களை உசுப்பிவிட, விஷச் சுழல்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ஆரம்பக் கட்டத்தில் குருத்தெலும்பு மெலிவதே இல்லை. உப்புகிறது! பையின் நூல் அறுந்ததும் கடலை இன்னும் தண்ணீர் குடித்து ஊதுகிறது, மெத்தென்று ஆகிறது. செல்கள் இழந்ததைச் சரிக்கட்டக் கூடுதலாகச் சரக்கு உற்பத்தி செய்துகூடப் பார்க்கின்றன. தேயும்போது உப்புகிற பேரிங்கை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை. அதற்கு ரொம்பப் பின்னால்தான் மேற்பரப்பு பிசிறடித்து, வெடித்து, உதிர்கிறது. நாம் எக்ஸ்ரேயில் பார்ப்பது அந்தக் கடைசி அத்தியாயத்தை.

'எலும்புத் தேய்மானம்' என்று ஒரு பிரயோகம் இருக்கிறதே, அது இதைவிட மோசம். இந்த நோயில் எலும்பு தேய்வதில்லை. குருத்தெலும்புக்கு அடியில் இருக்கும் எலும்பு தடிக்கிறது. ஓரங்களில் முள் முள்ளாகப் புதிதாக முளைக்கிறது. வலி வருவதும் எலும்பிலிருந்தும் உள்ளுறையிலிருந்தும் சுற்றியுள்ள தசை, தசைநார்களிலிருந்தும். குருத்தெலும்புக்குத்தான் நரம்பே கிடையாதே! அதனால்தான் எக்ஸ்ரே பயங்கரமாக இருக்கும் ஒருவர் சாவகாசமாக நடமாடுகிறார், எக்ஸ்ரே சுமாராக இருக்கும் இன்னொருவர் துடிக்கிறார்.

தெலுங்குக்காரர்களுக்கு மட்டும் தப்பிக்க ஒரு வழி உண்டு. 'அரகடம்' என்றால் அவர்கள் மொழியில் சாப்பாடு செரிப்பதும்தான். பக்கத்து வீட்டு அம்மாள் தன்னையறியாமல் உண்மையைச் சொல்லிவிட்டார். முட்டி தேயவில்லை, என்சைம்கள் அதைச் செரித்துக்கொண்டிருக்கின்றன. தமிழில் நமக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

*

'இதெல்லாம் வார்த்தை விளையாட்டு, கடைசியில் போவது போவதுதானே' என்று கேட்பீர்கள். ஆதாரத்தைப் பாருங்கள்.

2005ல் இரண்டு ஆராய்ச்சிக் குழுக்கள் அடாம்ட்ஸ்-5 வேலை செய்யாத எலிகளை வைத்துச் சோதித்தன. ஒரு குழு அவற்றின் முழங்காலை வேண்டுமென்றே நிலைகுலைய வைத்தது. அதே எலி, அதே ஓட்டம், அதே ஆட்டம் கண்ட மூட்டு. என்சைம் இல்லாத எலிகளின் குருத்தெலும்பு பெருமளவு தப்பித்தது. வெறும் உராய்வு என்றால், கத்தியைப் பிடுங்கியதும் எப்படித் தப்பும்? (உடனே மருந்து எங்கே என்று கேட்காதீர்கள். அந்த என்சைமைத் தடுக்கும் மாத்திரை ஒன்று மனிதர்களிடம் சோதிக்கப்பட்டு 2020ல் தோற்றுப்போனது. எலிக்கு வேலை செய்வதெல்லாம் நமக்குச் செய்யாது.)

முதுகுத்தண்டு அடிபட்டுக் கால் செயலிழந்தவர்களைப் பாருங்கள். அந்த முழங்கால் ஒரு அடிகூட நடப்பதில்லை. தேய்மானக் கணக்குப்படி புத்தம் புதுசாக இருக்கவேண்டும். ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் இரண்டு வருஷத்துக்குள் குருத்தெலும்பு மெலிந்துபோகிறது.

ஓடுகிறவர்களைப் பாருங்கள். 2017ல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில், பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் இடுப்பு, முழங்கால் மூட்டுநோய் 3.5 சதவீதம். உட்கார்ந்தே இருக்கிறவர்களில் 10.2 சதவீதம். போட்டிக்காக ஓடும் ஆட்களில்தான் 13.3. ஏற்கெனவே நல்ல முட்டி இருப்பவன்தான் ஓடுவான் என்று யாராவது சொன்னால் அதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனாலும் ஓடினால் தேயும் என்ற கணக்கு இதில் எங்கே நிற்கிறது?

அதே 2017ல் அமெரிக்காவில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகளை எடுத்து வைத்துப் பார்த்தார்கள். 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வாழ்ந்தவர்களில் முழங்கால் மூட்டுநோய் 6 சதவீதம். அதற்குப் பிந்திய காலத்தவர்களில் 16. வயதையும் எடையையும் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் இரண்டு மடங்கு வித்தியாசம். கார் இல்லாத காலத்து ஆட்களுக்குக் குறைவு, சோபா வைத்திருப்பவர்களுக்கு அதிகம்! திருமலைக்கு 1944ல்தான் மோட்டார் சாலை வந்தது. அதற்கு முன்னால் என் பாட்டி காலத்து ஆட்கள் எல்லாரும் நடந்தோ டோலியிலோதான் போனார்கள். அதை ஆதாரம் என்று சொல்லமாட்டேன், ஞாபகத்துக்கு வந்தது.

குண்டாக இருப்பவர்களுக்குக் கைவிரல் மூட்டுகளிலும் இந்த நோய் அதிகம் வருகிறது. கையால் யாரும் நடப்பதில்லை. கொழுப்பு வெறும் பாரமாக மட்டும் இருப்பதில்லை, அழற்சியைத் தூண்டும் ரசாயனங்களையும் சுரக்கிறது. சோபாவில் அம்மாவுக்கு ஏறிய பதினோரு கிலோ இரண்டு வழியிலும் வேலை பார்த்திருக்கிறது.

நியாயமாக இருக்கவேண்டும் என்பதால் எதிர்த்தரப்பையும் சொல்கிறேன். சுமைக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. படி இறங்கும்போது முழங்காலில் இறங்கும் விசை உடம்பு எடையைப் போல மூன்றரை மடங்கு. தசைநார் அறுந்த முட்டி, வளைந்த கால், வருஷக்கணக்காகக் குத்துக்காலிட்டு மூட்டை தூக்கும் வேலை, இவையெல்லாம் மூட்டைக் கெடுக்கும். ஆனால் கெடுப்பது மணல்தாள் மாதிரி தேய்த்து இல்லை. செல்லைக் காயப்படுத்தி, கோபப்படுத்தி, கத்தியை எடுக்க வைத்து. இன்னொன்று, போனது திரும்பாது என்பதும் உண்மை. அழிந்த குருத்தெலும்பு மீள்வதில்லை என்று 1743லேயே வில்லியம் ஹன்டர் எழுதிவிட்டார். முதிர்ந்த மனிதனின் முழங்கால் குருத்தெலும்பில் கொலாஜன் கிட்டத்தட்டப் புதுப்பிக்கப்படுவதே இல்லை என்று 2016ல் டென்மார்க்கில் கண்டுபிடித்தார்கள். 1950களின் அணுகுண்டு சோதனைகள் காற்றில் விட்ட கார்பனை அடையாளமாக வைத்துப் பிடித்தார்கள். நம் முட்டியில் இருக்கும் வலை பெரும்பாலும் வளரும் வயதில் நெய்தது. அப்படியானால் மிச்சமிருப்பதைக் காப்பாற்றுவதுதானே வேலை? பட்டினி போட்டா காப்பாற்றுவது?

*

தேய்மானம் என்று ஒருவரை நம்ப வைத்துவிட்டால் அப்புறம் எதை வேண்டுமானாலும் விற்கலாம். தேய்ந்ததை 'நிரப்ப' மாத்திரை, 'கிரீஸ்' போட ஊசி, 'சுத்தம் செய்ய' துளை ஆபரேஷன், கடைசியில் 'பார்ட்ஸ்' மாற்றம். மெக்கானிக் ஷெட் பாஷை எப்படிப் பொருந்துகிறது பாருங்கள்.

ஊருக்குப் போகும்போது நம் பெட்டியில் என்ன இருக்கும்? பாதாம், சாக்லேட், குளுக்கோசமைன் டப்பா. நானும் ஆறு வருஷம் சுமந்தேன். 2006ல் 1,583 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த பெரிய சோதனையில், மொத்தமாகப் பார்த்தால், குளுக்கோசமைனும் காண்ட்ராய்டினும் வெறும் மாவு மாத்திரையை ஜெயிக்கவில்லை. மாவு மாத்திரை சாப்பிட்டவர்களிலேயே நூற்றுக்கு அறுபது பேருக்கு வலி குறைந்தது! இன்னொரு கூத்து: பெரும்பாலான குளுக்கோசமைன் இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுப்பது. சனிக்கிழமை வெங்காயம்கூடச் சேர்க்காத என் அம்மாவுக்கு ஆறு வருஷமாக இறால் ஓட்டை ஊட்டியிருக்கிறேன். இன்னும் அவரிடம் சொல்லவில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள் :-)

துளை போட்டு மூட்டைக் கழுவிவிடும் ஆபரேஷனை 2002ல் ஹூஸ்டனில் 180 பேரிடம் சோதித்தார்கள். சிலருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்துவிட்டார்கள். இரண்டு தரப்புக்கும் பலன் ஒன்றுதான். ஸ்டீராய்டு ஊசியை மூன்று மாதத்துக்கொரு தரம் இரண்டு வருஷம் போட்டுப் பார்த்த 2017 ஆய்வில் வலியில் வித்தியாசம் இல்லை, குருத்தெலும்பு இழப்பு மட்டும் கொஞ்சம் அதிகம். எப்போதாவது ஒரு ஊசி அவசரத்துக்கு உதவும். தவணை முறையில் போட்டுக்கொள்வது வேறு விஷயம்.

மூட்டு மாற்று சிகிச்சையை நான் குறை சொல்லமாட்டேன். இரவில் தூங்க முடியாமல், நாலு அடி எடுத்து வைக்க முடியாமல், எல்லா முயற்சியும் செய்து பார்த்துத் தோற்றவர்களுக்கு அது வரப்பிரசாதம். 2017 ஆகஸ்டில் மத்திய அரசு விலைக்குக் கடிவாளம் போட்டது. பரவலாகப் பயன்படும் கோபால்ட் குரோமியம் வகைக்கு 54,720 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது பெரிய காரியம். திருப்பதியில் தேவஸ்தானம் நடத்தும் பர்ட் மருத்துவமனையிலேயே இந்த அறுவை நடக்கிறது. என் சண்டை வேறு. ஒரு எக்ஸ்ரேயை மட்டும் பார்த்து, 'பையன் டிசம்பர்ல லீவுல வரான், ரெண்டு முட்டியும் ஒண்ணா முடிச்சிடலாம்' என்று தேதி குறிக்கிறோமே, அதோடுதான். ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் ஐந்தில் ஒருவருக்குத் திருப்தி இல்லை என்பதை எந்த உறவினரும் நமக்குச் சொல்வதில்லை.

என் தொழில் முறையில் ஒரு தகவலும் தருகிறேன். செயற்கை முட்டியை விற்பனைக்கு விடுமுன் மிஷினில் மாட்டி 50 லட்சம் தடவை நடக்க வைத்து, எவ்வளவு பிளாஸ்டிக் போயிருக்கிறது என்று எடை போடுவார்கள். தானாகச் சாப்பிடாது, சரிசெய்துகொள்ளாது, ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் இழக்கும். தேய்மானம் என்ற வார்த்தை நூற்றுக்கு நூறு பொருந்துகிற முழங்கால் அது.

*

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஊருக்குப் போனபோது அம்மாவை ஒரு பிசியோதெரபிஸ்டிடம் கூட்டிப் போனேன். சின்னப் பெண். எக்ஸ்ரே உறையைப் பிரிக்கக்கூட இல்லை. நாற்காலியைக் காட்டி, "கையை ஊனாம எழுந்திரிங்கம்மா" என்றது. அம்மாவால் முடியவில்லை. அலிபிரி ஏறிய காலால் ஒரு நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"முட்டி இல்லம்மா, தொடை போயிருக்கு," என்றது அந்தப் பெண். மூட்டைத் தாங்கிப் பிடிக்கும் தொடைத் தசை மூன்று வருஷ சோபாவில் கரைந்திருக்கிறது. அம்மா விடாமல் வாதாடினார். "தேஞ்சு போச்சுன்னு பெரிய டாக்டரே சொன்னாரே?" "இருக்கிறத வெச்சுத்தான் நடக்கப் போறோம். அதுக்குச் சோறு போட வேணாமா?" அம்மாவுக்குப் புரிகிற பாஷை. சோறு என்றதும் மறுபேச்சு இல்லை.

முதல் மாதம் வலித்தது. அம்மா எனக்குப் போன் செய்து திட்டினார். பிசியோ சொன்ன கணக்கு எனக்கு மனப்பாடம்: செய்யும்போது வரும் வலி பொறுக்கிற அளவில் இருந்து மறுநாள் காலைக்குள் அடங்கிவிட்டால் சரி, அடங்காவிட்டால் நாளைக்குக் குறை. முட்டி சூடாகி வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, பூட்டிக்கொண்டாலோ உடனே டாக்டர். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, படுத்துக்கொண்டு காலைத் தூக்குவது, ஐந்து நிமிஷ நடை. அப்புறம் ஏழு. அப்புறம் பத்து. ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டிக்கு நாலு கிலோ பாரம் குறையும் என்று ஒரு ஆய்வு சொல்கிறது. அம்மா குறைத்தது ஆறு கிலோ. வலி மாயமாய்ப் போய்விட்டது என்று கதை விட மாட்டேன். இருக்கிறது. மழைநாளில் முனகல் இருக்கிறது. ஆனால் காய்கறிக்கு அவரே போகிறார், பேரம் பேசுகிறார், எங்கள் ஊர் வியாபாரிகளின் நிம்மதி போய்விட்டது.

அந்த ரிமோட் சோபாவை மாமா எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவருக்கு இப்போது முட்டி வலியாம்.

போன வாரம் அம்மாவிடம் பேசும்போது புதுக் குண்டு ஒன்றைப் போட்டார். இந்தப் புரட்டாசிக்கு அலிபிரி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை எழுதுகிறவனுக்கும் வாயில் முதலில் வந்தது, "வேணாம்மா, தேஞ்சிடும்!" வார்த்தை எவ்வளவு ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது பாருங்கள்.

"இன்னாடா, நீதானே தேயாதுன்னு பாடம் எடுத்தே?"

பாதையின் கடைசிப் பகுதியில் செங்குத்தாக ஒரு ஏற்றம் வரும். தெலுங்கில் மோகாள்ள மெட்டு, முழங்கால் படி. எங்கள் பாட்டி 'முழங்கால் முறிச்சான்' என்பார். மலையைக் காலால் மிதிக்க மனமில்லாமல் ராமானுஜர் முழங்காலாலேயே ஏறினார் என்பது ஐதீகம். இன்றைக்கும் சிலர் அந்தப் படிகளை முழங்காலால் ஏறுவதைப் பார்க்கலாம். அதை நினைத்துத்தான் எனக்குக் கலக்கம். பிசியோ பெண்ணைக் கேட்டோம். இந்த வருஷம் காளி கோபுரம் வரைக்கும்கூட வேண்டாம், முதல் ஐந்நூறு படி, உட்கார்ந்து உட்கார்ந்து, திரும்பி இறங்கவேண்டிய படிகளையும் கணக்கில் வைத்துக்கொண்டு, மறுநாள் முட்டி என்ன சொல்கிறது என்று பார்ப்போம் என்றாளாம். மீதி மலை பஸ்ஸில்.

பஸ்ஸில் போனால் பெருமாள் கணக்கில் சேர்க்கமாட்டாரே என்று நான் சீண்டினேன்.

"ஐந்நூறு அவர் கணக்கு, மீதி உன் கணக்கு. அடுத்த வருஷம் நீ வந்து ஏறு," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். நேற்றுவரை நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் தொடர்ந்து பதினான்கு தடவை எழுகிறாராம். நான் இங்கே என் ஆபீஸ் நாற்காலியில் முயன்று பார்த்தேன். பதினொன்று.